பங்களாவின் ஐஸ் பெட்டியும் பிள்ளைகளின் ஊசிமருந்தும்

உங்கள் குளிர்ப்பெட்டிக்குள் தயிர்ச் சட்டி இருந்தது.

போன மாதம் ஒரு கிளினிக்குக்கு என்னை அழைத்து, தடுப்பூசிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மாலை போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். பழக்க தோஷம், நான் எழுந்துபோய் மருந்துக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஊசிமருந்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் தயிர்ச் சட்டி. கதவில் இரண்டு சோடாப் போத்தல். பெட்டிக்குப் பொறுப்பான பிள்ளை சிரித்துக்கொண்டே, "வெப்பமானி சரியாத்தானே காட்டுது மிஸ்" என்றது.

அன்று நான் பேசாமலே வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் மாலை போட்டவர்கள் முகம் கோணும்படி ஏதாவது சொல்லியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் நர்ஸ். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் சனங்கள் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மேலே மருந்துச்சாலைப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பட்டம் பெற்ற வைத்தியர் இல்லை என்றாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டொக்டரையாதான். அவருக்கும் மேலே தோட்டத்தை நடத்தும் பெரிய துரை. வெள்ளைக்காரர்.

அந்த வருடம்தான் எங்கள் தோட்டத்துக்கு முதன்முதலாக முக்கூட்டு ஊசி வந்தது. கக்குவான் இருமல், தொண்டைக்கரப்பான் என்கிற டிப்தீரியா, ஏற்புவலி என்கிற டெட்டனஸ் மூன்றுக்கும் ஒரே மருந்து. அதை அந்தக் காலத்துப் பாரன்ஹீட் கணக்கில் நாற்பது பாகையை ஒட்டி வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் கெடும். அதைவிட மோசம், உறைந்தால் செத்தே போகும். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்த சிஸ்டர் ஒருவர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். சூட்டுக்குப் பயப்பட எல்லாருக்கும் தெரியும், குளிருக்குப் பயப்படப் படிக்க வேண்டும் என்பார். எங்கள் மலைநாட்டில் அதைப் புரியவைப்பது லேசான காரியமில்லை. பனி கொட்டுகிற ஊரில் மருந்து எப்படிக் கெடும் என்றுதான் கேட்பார்கள்.

மருந்துச்சாலையில் குளிர்ப்பெட்டி இல்லை. தோட்டம் முழுவதற்கும் இருந்தது ஒன்றே ஒன்று, மண்ணெண்ணெயில் ஓடுவது. அது துரையின் பெரிய பங்களாவின் பின்கட்டுச் சமையலறையில் இருந்தது. ஊசிமருந்தை அதற்குள் வைக்கத் துரை சம்மதித்தார். ஆரம்பத்தில் நான் காலையும் மாலையும் மேடேறிப் போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவேன். சில நாட்களிலேயே துரையின் மனைவி துரைசாணியிடமிருந்து சொல் வந்தது. மருந்துச்சாலைக் கால்கள் சமையலறைத் தரையைச் சேறாக்குகின்றனவாம். வாரத்தில் இரண்டு தரம் வந்தால் போதுமாம். டொக்டரையாவிடம் முறையிட்டேன். "குடுத்ததே பெரிய காரியம், மிஸ்ஸி. உதோடை விடுங்கோ" என்றார்.

ஊசி போடும் நாள் வந்தது. மலையிலிருந்து பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் முன்னால் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கும் நேரத்தில் மலையை விட்டு வந்தால் அன்றைக்கு அவர்களுக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிநாள் கூலி. அது தெரிந்தே வந்திருந்தார்கள். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஏற்கெனவே கக்குவான் இறங்கியிருந்தது. ராத்திரி லயத்தில் படுத்தால் அந்த இருமல் கேட்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வரிசையின் முதலில் மாரியாயி நின்றாள். கையில் இன்னும் நடக்கப் பழகாத பெண் குழந்தை. தலைக்குச் சிவப்புத் துணியில் குல்லாய் தைத்துப் போட்டிருந்தாள்.

பங்களாவிலிருந்து மருந்தை நானே எடுத்துவந்தேன். எடுக்கும்போது வெப்பமானி நாற்பது காட்டியது. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் முதல் போத்தலைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே பஞ்சு பஞ்சாகத் திரிந்து கிடந்தது. வைத்த சிறிது நேரத்தில் அந்தத் துகள் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றது. அடுத்த போத்தலும் அப்படியே. அத்தனையும் அப்படியே.

சமையற்கார அப்புவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். ஓடிவந்தார்.

"அப்பு, மருந்தை இடம் மாத்தினீங்களா?"

"சனிக்கெழம பங்களாவுல டென்னிஸ் பார்ட்டி, மிஸ்ஸி. பீர் போத்தல் வைக்க எடம் பத்தல. துரைசாணி மருந்த மேல ஐஸ் தட்டுல வைக்கச் சொன்னாங்க. ஐஸ்கிரீமுக்குன்னு குளிரையும் கூட்டிவச்சாங்க. நேத்து சாயந்தரந்தான் கீழ எறக்கி வச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அதுவும் குளிர்தானேம்மா?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இதைக் கவனியுங்கள். வெப்பமானி அந்த நேரத்துக் கதையை மட்டும்தான் சொல்லும். சனிக்கிழமை நடந்தது அதற்குத் தெரியாது. அப்புவுக்குத்தான் தெரியும். பெட்டியைத் திறக்கிறவர்களோடு பேசாமல், வெப்பமானியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதுகிறவர்கள் மருந்தைக் காக்கவில்லை, வெப்பமானியைத்தான் காக்கிறார்கள்.

டொக்டரையா போத்தலை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் விளங்கியது. விளங்கியதால்தான் குரலைத் தாழ்த்தினார்.

"குலுக்கிப்போட்டுப் போடுங்கோ, மிஸ்ஸி. சனம் வந்து நிக்குது. துரையும் வாறார்."

"போடலாம் ஐயா. புள்ளைக்கு வலிக்கும். அது மட்டுந்தான் நடக்கும். ஆனா தாய்க்காரி ஊசி போட்டாச்சுன்னு நம்பிக்கிட்டுப் போவா."

"எனக்கு மூண்டு பெம்பிளைப் பிள்ளையள்."

நான் ஊசியைத் தட்டில் வைத்தேன். அதற்குள் துரை குதிரைச் சவுக்கு போன்ற ஒரு பிரம்போடு வந்து சேர்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேசிய தமிழ் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நீ குளிர் கேட்டே. நான் குளிர் குடுத்தேன். ரொம்பக் குளிர், ரொம்ப நல்லது. போடு."

"கெட்டுப்போச்சு துரை. என்னால போட முடியாது."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட ஒரு மனிதரோடு பேசியதுபோல இருந்திருக்கும். டொக்டரையாவைப் பார்த்து, "நாளைக்கு இதுக்கு வேற பொம்பள பாரு" என்று சொல்லிவிட்டு, குழந்தைகளின் நடுவே நடந்து போனார்.

பிறகு பெண்களிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மருந்து கெட்டுவிட்டது, இன்றைக்கு ஊசி இல்லை என்றேன். ஏன் கெட்டது என்று சொல்லவில்லை. டொக்டரையா என் முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மாரியாயி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"கொழுந்த பாதியில வுட்டுட்டு வந்துருக்கோம், மிஸ்ஸி. அரைப்பேரு போயிருச்சு. இப்ப வெறுங்கையோட போன்னா என்ன அர்த்தம்? கீழ லயத்துல புள்ளைங்க இருமிக்கிட்டுக் கெடக்குதுங்க, ஒங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"நல்ல மருந்து கொண்டாறேன்."

"எப்ப?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் துரைக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

பிள்ளைகளே, கெட்டதை மறுப்பது பாதி வேலைதான். அதைச் செய்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்லதைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை மறுத்தவளுக்குத் தூங்க உரிமையில்லை.

என்னை வேலையை விட்டு நீக்குவதற்குத் தோட்டக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், சில சம்பிரதாயங்கள் இருந்தன. அவை முடிவதற்குள் நான் முந்திக்கொண்டேன். அட்டன் சுகாதாரக் கந்தோரில் போய் உட்கார்ந்தேன். அதிகாரி நாளை வா என்றார், வந்தேன். அடுத்த வாரம் வா என்றார், மறுநாளே வந்தேன். கடைசியில், கொழும்புக்குப் போய் நீயே எடுத்துவருவதானால் அனுமதி தருகிறேன் என்றார். அதற்குள் கக்குவான் எங்கள் மேல்பிரிவு லயங்களுக்கு ஏறிவிட்டது.

கொழும்பில் மருந்துக் களஞ்சியத்தில் வாயகன்ற ஒரு தெர்மோஸ் குடுவையில் போத்தல்களை வைத்து, சுற்றிலும் ஐஸ் போட்டு, தக்கையைத் துளைத்து வெப்பமானியைச் செருகிக் கொடுத்தார்கள். குடுவையை மரத்தூள் நிரப்பிய பெட்டியில் இறக்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு காலை ரயிலில் ஏறினேன். நாவலப்பிட்டி வரைக்கும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று நின்றது. அங்கிருந்து மழை. அட்டனுக்கு முந்திய நிலையமான றொசல்லயில் ரயில் நின்றது. அப்புறம் நகரவில்லை.

முன்னால் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். வண்டிக்குள் ஜன்னல்களை மூடிவிட்டு, நனைந்த சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அந்தப் புழுக்கத்தில் நாற்பத்திரண்டு ஆயிற்று. குடுவையைத் திறந்தால் ஐஸ் எல்லாம் நீர். நாற்பத்திநாலு ஆயிற்று. பெட்டியோடு பிளாட்பாரத்தில் இறங்கிக் ரயிலின் கடைசியிலிருந்த கார்ட் வண்டிக்கு நடந்தேன். அங்கே மீன் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பலகை இடுக்கில் ஐஸ் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கார்ட் சிங்களவர், நடுவயது. நான் ஐஸ் கேட்டதும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"ஏலாது நோனா. அது அட்டன் கிளப்புக்குப் போற மாலு. துரைமார் மீன். பெட்டி தெறந்தா எனக்கு வேல போகும்."

"இது புள்ளைங்க மருந்து. ஐஸ் இல்லேன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல கெட்டுரும்."

"விளங்குது. ஆனா ஏலாது."

அங்கேதான் எனக்குள் ஏதோ அறுந்தது. துரைமாரின் பீருக்கு இடம் கொடுக்கப் பிள்ளைகளின் மருந்து செத்தது. இப்போது துரைமாரின் மீன் வாடக் கூடாது என்பதற்காக இரண்டாவது மருந்தும் சாக வேண்டும். இதைத் தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் அவரிடம் சொன்னேன். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அவர் என் பெட்டியைப் பார்த்தார். பிறகு பச்சைக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் எஞ்சின் பக்கம் போய்ப் பார்த்திட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த நேரத்தில் கொடிக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

பலகையை நெம்பினேன். கை கிழிந்தது. ஐஸை அள்ளிக் குடுவைக்குள் போட்டேன். வெப்பமானி இறங்கியது. நாற்பது, முப்பத்தாறு. எனக்கு நிம்மதி வந்தது. ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்துவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பத்திமூன்றுக்கு வந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும்; வெறும் ஐஸ் அவ்வளவு வேகமாக இறங்காது. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு. மீன் நீண்ட நேரம் தாங்குவதற்காக ஐஸில் கல்லுப்புக் கலந்திருந்தார்கள். உப்பு சேர்ந்த ஐஸ் உறைநிலைக்கும் கீழே போகும். பங்களாவில் நடந்ததை நான் என் கையாலேயே மறுபடி செய்ய இருந்தேன்.

போத்தல்களை வெளியே எடுத்து முந்தானையில் சுற்றினேன். பிளாட்பாரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் தாரையாக விழுந்துகொண்டிருந்தது. ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக அதில் பிடித்து, உப்புப் போகும்வரை கழுவினேன். கழுவிய கட்டிகளைக் கடதாசியிலும் துணியிலும் சுற்றி அடுக்கி, நடுவில் போத்தல்களை வைத்தேன். முப்பத்தெட்டில் நின்றது. ஒரு போத்தலைக் குலுக்கிப் பார்த்தேன். பால் போல ஒரே சீராக இருந்தது. பஞ்சு இல்லை.

மீன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

ரயில் போகாது என்று தெரிந்ததும் தண்டவாளத்தில் நடந்தேன். சரிந்த மண்ணை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் பெட்டியைக் கைமாற்றி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். "சாய்ச்சிராதீங்க" என்று நான் சொன்னதைக் கடைசி ஆள்வரைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கொடுத்தார்கள். அங்கிருந்து றோட்டுக்கு ஏறி, தேயிலைப் பெட்டி லொறி ஒன்றில் அட்டன். அட்டனிலிருந்து வாடகைக் காரில் தோட்டம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம். மருந்தைப் பங்களாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் எனக்கு இல்லை. மறுநாள் வரிசையில் நிற்கவைத்து மறுபடி அரைப்பேர் வெட்டவைக்கவும் மனமில்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கே போனேன். எல்லாப் பெண்களும் எப்படியும் அங்கே வருவார்கள். தராசுக்குப் பக்கத்தில் மேசையைப் போடச் சொன்னேன். கணக்கப்பிள்ளை குதித்தார்.

"இது கொழுந்து நிறுக்கிற எடம். துரைகிட்டக் கேக்காம இங்க எதுவும் நடத்த முடியாது."

அப்போது டொக்டரையா வந்தார். அடுப்பில் கொதிக்கவைத்த ஊசிகளைத் தட்டில் ஏந்தியிருந்தார். நான் ஆள் அனுப்பியிருந்தேன். வருவார் என்று நம்பவில்லை.

"துரை கேட்டால் நான் சொன்னனான் எண்டு சொல்லும். தள்ளி நில்லும்" என்றார் கணக்கப்பிள்ளையிடம். தட்டை மேசையில் வைத்துவிட்டு முதல் ஊசியை அவரே எடுத்தார்.

இருட்டுவதற்குள் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டு முடித்தோம். மூன்று முறை போட வேண்டிய மருந்து அது. முதலாவது போட்டால்தான் மூன்றாவது வரும். மாரியாயி வரவில்லை. கேட்டபோது, பிள்ளைக்கு இருமல் என்றார்கள்.

லயத்துக்குப் போனேன். அந்தச் சிவப்புக் குல்லாயோடு குழந்தை நீலம் பாரித்து இருமிக்கொண்டிருந்தது. இழுத்து மூச்சு வாங்கும் அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். டொக்டரையா இருந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயே முடிந்தது.

நல்ல மருந்தாக இருந்து, முதல் நாளே போட்டிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா? ஒற்றை ஊசியை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். நேரத்துக்குப் போட்டிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். அந்த வழியைப் பீர் போத்தலுக்காக அடைத்தார்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

காரியம் முடிந்த பிறகு மாரியாயி மருந்துச்சாலைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க குத்தியிருந்தா எம்புள்ள இருந்திருக்கும்னு லயத்துல பேசிக்கிறாங்க."

"அந்த மருந்து செத்த மருந்து. குத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"அது எப்படிச் செத்துச்சு?"

உள்ளறையில் டொக்டரையா இருந்தார். அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து வந்து தடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீர் போத்தல், ஐஸ்கிரீம், சேற்றுக் கால், துரை சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது பெண்கள் தங்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தார்கள். கங்காணிமார் கத்தினார்கள். துரை வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். கூலி என்று சொல்வார்கள், மழைக்குக் கம்பளி என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"பங்களாவுல இருக்கிற ஐஸ் பொட்டி மருந்துச்சாலைக்கு வரணும்" என்றாள் மாரியாயி.

அவர் சிரித்தார். கொழுந்து வேகமாகத் துளிர்க்கும் பருவம் அது. பறிக்க ஆளில்லாமல் மலையில் கொழுந்து முற்றத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. பிறகு ஒரு காலையில் குளிர்ப்பெட்டி கம்பில் கட்டிய சுமையாக மேட்டிலிருந்து இறங்கி வந்தது. நான் திரியைத் துடைத்து ஏற்றி, வெப்பமானியை வைத்து, அன்று முழுவதும் அதன் பக்கத்திலேயே இருந்தேன். என்னை வேலையிலிருந்து நீக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மாரியாயி சாயந்தரம் வந்தாள். கதவைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

"இவ்வளவுதானா மிஸ்ஸி?"

"இவ்வளவுதான்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். ஒரு குளிர்ப்பெட்டியைக் கொடுத்ததால் பங்களாவில் யாருடைய வாழ்க்கையும் குறைந்துவிடவில்லை. மாதம் முடிவதற்குள் கொழும்பிலிருந்து பங்களாவுக்குப் புதுப்பெட்டி வந்து இறங்கியது, பழையதைவிடப் பெரியது. கேட்ட முதல் நாளே அதைத் தருவித்திருக்கலாம். லொறியிலிருந்து இறக்கி, மழையில் அந்த மேட்டில் பங்களாவரைக்கும் தோளில் சுமந்து போனவர்களில் மாரியாயியின் புருஷனும் ஒருவன்.